ஊதாப் பூவெல்லாம் ஆகாயத்தாமரை இல்லை

சிங்கப்பூரின் கிராஞ்சி பக்கம் நடக்கப் போகிறவர்கள் தண்ணீரில் ஊதாப் பூவைக் கண்டால் ஆகாயத்தாமரை என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். நம் மண்ணின் நீர்ச்செடியான மோனோகோரியாவுக்கு இது பெரிய அநியாயம். இரண்டும் ஒரே குடும்பம், பூ நிறமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஒன்று அகற்ற வேண்டியது, மற்றது காக்க வேண்டியது.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை மிதக்கும். இலைக்காம்பு வெங்காயம் போல் உப்பி, உள்ளே பஞ்சாக இருக்கும். கம்பத்து (கிராமத்து) வாழ்க்கைக் காலத்தில் பன்றித் தீவனத்துக்கென்றே குளங்களில் வளர்த்தார்கள். பண்ணைகள் போய்விட்டன, செடி போகவில்லை. மோனோகோரியா ஹஸ்டாட்டா சேற்றில் வேரூன்றி நிமிர்ந்து நிற்கும், இலை அம்புமுனை வடிவம்.

காம்பை மட்டும் நம்பாதீர்கள். நெருக்கியடித்து வளரும் இடத்தில் ஆகாயத்தாமரையின் காம்பும் உப்பாமல் நீண்டு மெலிந்துவிடும். அப்போது பூவின் மேலிதழைப் பாருங்கள்: நடுவில் மஞ்சள் பொட்டு இருந்தால் ஆகாயத்தாமரைதான். பூ இல்லையா, இலை வடிவமே சாட்சி.

நீருக்கடியில் கதை தலைகீழ். வேலம்பாசி, அதாவது ஹைட்ரில்லா, நீர்த்தேக்கத்தில் அடர்ந்து கிடப்பதைப் பார்த்தால் அதுதான் அந்நியச் செடி என்று தோன்றும். இணையத்தில் தேடினாலும் அப்படித்தான் வரும். அது ஃபுளோரிடாவின் கதை; 1950களில் மீன்தொட்டி வணிகம் வழியாக ஹைட்ரில்லா அங்கே போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூரில் ஹைட்ரில்லா சொந்தச் செடி. பார்க்க அதைப் போலவே இருக்கும், மீன்தொட்டிக் கடையில் விற்கும் எஜீரியாதான் தென்னமெரிக்காக்காரர்.

இங்கே கண்ணைவிட விரல் மேல். ஹைட்ரில்லாத் தண்டை நுனியிலிருந்து அடிப்பக்கம் வருடினால் சொரசொரக்கும்; இலை விளிம்பில் பற்கள், அடிப்பக்க நடுநரம்பில் சிறு முட்கள். எஜீரியா வழுவழுப்பு, இலையும் பெரிது. ஒரு கணுவில் எத்தனை இலை என்று எண்ணுவது எனக்குப் பிடிக்காத வழி: ஹைட்ரில்லாவுக்கு 3 முதல் 8 வரை, எஜீரியாவுக்குப் பெரும்பாலும் 4. நாலு வந்தால் என்ன செய்வீர்கள்? பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எஜீரியாவின் வெள்ளைப் பூ 2 செ.மீ. அகலம், ஹைட்ரில்லாவின் பூ சில மில்லிமீட்டர்தான்.

சரி, அடையாளம் தெரிந்ததும் நீங்களே பிடுங்க வேண்டாம். ஹைட்ரில்லா, எஜீரியா இரண்டுமே முறிந்த துண்டிலிருந்து தழைக்கும். இலையின் அடிப்பக்கம், காம்பு, பூ மூன்றையும் படமெடுத்துத் தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுப்புங்கள்.