ஓப்பன் எல்சிஏ: வன்னியில் சில வருடப் பாவனையும் அந்த 60 என்ற எண்ணும்

கேட்டவர் வட இலங்கையில், வன்னியின் மாங்குளத்தில் வீட்டுப் படம் கீறுகிற நண்பர். "ஓப்பன் எல்சிஏயை நீ கனகாலமாப் பாவிக்கிறாய். காசு குடுத்துத் தரவுத்தளம் எடுக்கட்டோ, இல்லாட்டி இலவசத்தோட சமாளிக்கட்டோ?" ஓப்பன் எல்சிஏ என்பது ஒரு பொருளோ கட்டடமோ உருவாகி அழியும் வரை எவ்வளவு காபன் வெளிவிடும் என்று கணக்குப் போடுகிற மென்பொருள்; தரவுத்தளம் என்றது அதற்குள் போடுகிற பொருட்களின் எண்களை. வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கட்டடங்களின் காபன் கணக்கில் இறங்க நினைக்கும் வேறு ஆட்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். எப்படி நிறுவுவது, எந்தப் பதிப்பு நல்லது என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். அதை விடுகிறேன்.

என் பாவனை சின்னக் கட்டடங்களுக்கு. இரண்டு அறை, விறாந்தை, குசினி உள்ள வீடுகள், சில முன்பள்ளிகள், ஒரு நெல் களஞ்சியம். மென்பொருள் ஜெர்மனியில் பேர்லினில் இருக்கும் கிரீன்டெல்டா நிறுவனத்தினுடையது, இலவசம். பொருட்களுக்கான காபன் எண்களை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஐசிஇ என்ற எக்செல் தாளில் இருந்து எடுக்கிறேன். கட்டங்களைப் பிரிப்பதற்கு ஐரோப்பாவின் ஈஎன் 15978 விதி: பொருள் உற்பத்தி ஏ1 முதல் ஏ3, ஏற்றிப் பறித்தல் ஏ4, கட்டுமானம் ஏ5, குடியிருக்கும் காலம் பி, இடித்து அகற்றுதல் சி, அதற்கு அப்பால் மறுபாவனை டி. எத்தனை வருடத்துக்குக் கணக்குப் போடுவது என்பதற்குப் பலரும் பார்ப்பது இங்கிலாந்து அளவையாளர் நிறுவனமான ஆர்ஐசிஎஸ்சின் வழிகாட்டி. அது சொல்வது 60 வருடம்.

முதலில் சந்தோசமான பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மென்பொருள் எனக்குக் கற்றுத் தந்தது கொஞ்சநஞ்சமில்லை. வன்னியில் யாரிடம் கேட்டாலும், "சீமெந்து திருகோணமலையில இருந்து லொறியில வருது, அந்த டீசல் புகைதான் பெரிய கேடு" என்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு 100 மூடை என்று வைப்போம். மூடைக்கு 50 கிலோ, மொத்தம் 5 தொன். சாதாரண போட்லண்ட் சீமெந்துக்கு கிலோவுக்கு ஏறத்தாழ 0.9 கிலோ காபனீரொட்சைட்டு. ஆக நாலரைத் தொன். லொறியை 200 கிலோமீற்றர் ஓட விட்டு, ஒரு தொன்னை ஒரு கிலோமீற்றர் இழுக்க 0.1 கிலோ என்று போட்டால் வருவது வெறும் 100 கிலோ. வெறும் லொறியாகத் திரும்புவதைச் சேர்த்து இரட்டித்தாலும் 200. திரை இரண்டையும் பட்டைகளாகக் கீறிக் காட்டும்போது, சீமெந்துப் பட்டைக்குப் பக்கத்தில் லொறிப் பட்டை நூல் போலக் கிடக்கும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது கல்லுக்குள் இருக்கிற காபனீரொட்சைட்டே வெளியேறுகிறது. எரிபொருளை எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அந்தப் பங்கு குறையாது. இதை நான் முன்பே படித்திருந்தேன்தான். ஆனால் என் சொந்த வீட்டுப் படத்தின் அளவுகளை வைத்துப் பார்த்த பிறகுதான் மேசன்மாரோடு மூடைக் கணக்கில் மல்லுக்கட்டத் தொடங்கினேன். மூடையில் சாதாரண சீமெந்துக்கான எஸ்எல்எஸ் 107 என்ற இலங்கைத் தரக் குறி இருக்கிறதா, சாம்பல் முதலியன கலந்த 1247 ரகமா என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன். பூச்சுக்கும் கட்டுவேலைக்கும் கலப்புச் சீமெந்து தாராளமாகப் போதும். 2022இல் மூடை 3000 ரூபாயைத் தாண்டியபோது இந்தப் பேச்சுக்கு எல்லாரும் காது கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

60 வருடம் என்பது வெறும் ஒரு பெட்டியில் இடுகிற எண் என்று நினைக்க வேண்டாம். முழுக் கணக்கின் முடிவையும் அதுதான் தீர்மானிக்கிறது. ஒரு மின்விசிறி 60 வாட்ஸ், நாளுக்கு 10 மணித்தியாலம் ஓடுகிறது. வருடத்துக்கு 219 அலகு மின்சாரம். அலகுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்தால் வருடத்துக்கு 110 கிலோ. 60 வருடத்தில் 6.6 தொன். அதாவது ஒரேயொரு விசிறி, வீட்டின் நாலரைத் தொன் சீமெந்தை விழுங்கிவிடுகிறது! அப்போது மென்பொருள் என்ன சொல்லும்? சுவரைத் தடிப்பாக்கு, கூரைக்குக் கீழே தட்டுப் போடு, இன்னும் பொருள் கொட்டு, விசிறியைக் குறை, எல்லாம் பிறகு ஈடாகிவிடும் என்று சொல்லும். அதே வீட்டுக்கு 20 வருடம் என்று போடுங்கள். விசிறி 2.2 தொன்னில் நிற்கும், சீமெந்து நாலரையில் நிற்கும். இப்போது அறிவுரை தலைகீழ்: இன்றைக்குக் கொட்டுகிற பொருளைக் குறை. வீடு ஒன்று, படம் ஒன்று, மேசனும் ஒருவர். பெட்டியில் உள்ள எண்ணை மாற்றினால் தீர்ப்பும் மாறுகிறது. இதற்குள் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இன்றைக்குக் கக்குகிற அளவே 60 வருடத்துக்கும் தொடரும் என்று வேறு எடுத்துக்கொள்ள வேண்டும்.

60 வருடம் ஒரே வீட்டில் யார் இருந்தார்கள்? எங்கள் பக்கம் என்று கேட்கிறேன்.

தர்மபுரப் பக்கம் ஒரு அம்மாவுக்குச் சமையலறையும் ஒரு அறையும் கூட்டிக் கட்டப் படம் கீறினேன். மகன் வெளிநாட்டில், படித்த பிள்ளை. காபன் கணக்கும் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். அச்செடுத்துக் கொண்டுபோய் அம்மாவுக்கும் விளங்கப்படுத்தினேன். அட்டவணையின் தலைப்பை விரலால் தொட்டு, "இதென்ன தம்பி, அறுபது?" என்றார். வீட்டின் ஆயுள் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "இந்த வளவில இது நாலாவது வீடு தம்பி. நான் கலியாணம் முடிச்சு வரேக்க கிடுகு வீடு. பிறகு அவர் கல் அரிஞ்சு கட்டினார், அது செல்லில போட்டுது. வந்து தறப்பாள் கொட்டில். இப்ப இந்திய வீடு" என்று வரிசையாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு வயது எழுபதும் இல்லை. நான் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். மகனுக்கு வேறு தாள் அனுப்பினேன்.

இந்திய வீட்டுத்திட்டம் என்றால் வன்னியில் விளக்கம் தேவையில்லை. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் 2012 ஒக்டோபரில் பெரிய அளவில் தொடங்கியது, ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், 550 சதுர அடி, சனமே நின்று கட்டியது. அந்த ஒவ்வொரு வீட்டுக்குக் கீழேயும் ஒரு பழைய வீடு இருக்கிறது என்பது என் எண்ணம். நான் அத்திவாரம் வெட்டிய இடங்கள் பலவற்றில் உடைந்த சீமெந்துக் கல்தான் வந்தது. அதையே இடித்துத் திரும்ப அத்திவாரத்துக்குள் நிரப்பினார்கள். கணக்கின் பாசையில் அது பழைய வீட்டின் டி கட்டம், மறுபாவனை, அதற்குப் புள்ளி கிடைக்கும். ஆனால் அந்தக் கல்லை உடைத்தது எந்தக் கட்டத்தில் வரும்? சி1 என்றால் இடிப்பு. திட்டமிட்டு, இயந்திரம் வைத்து, உரிமையாளர் விரும்பி இடிப்பது. போரில் செல் விழுந்து இடிந்ததற்கு அந்த முறையில் இடமே இல்லை. ஒரு சுவர் 15 வருடத்தில் அழிந்தால் அதற்குள் போன சீமெந்தின் காபன் 15 வருடத்துக்குத்தான் வேலை செய்தது. அதன் மேல் திரும்பவும் நாலரைத் தொன். இரண்டையும் கூட்டிப் பார்க்கிற ஒரு நிரலைக்கூட நான் எங்கும் காணவில்லை.

பனையும் அப்படித்தான். தீராந்திக்கும் கைமரத்துக்கும் வைரம் பாய்ந்த பனை கிடைத்தால் அது பெரிய வரம். கணக்கில் மரத்துக்குள் இருக்கிற காபன் உள்ளே போனது, பிறகு வெளியே வரும், கழித்துக் கூட்டினால் பூச்சியம் என்பார்கள். வெட்டிய இடத்தில் இன்னொன்று வளரும் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பூச்சியம். பங்கருக்குக் குற்றியாகப் போன பனைகளுக்குப் பதிலாக நட்ட விதைகள் முற்றி மரவேலைக்கு வர இன்னும் பல பத்தாண்டு செல்லும். அதுவரை கூரைக்கு மரம் எங்கே?

அஸ்பெஸ்டஸ் சீற் விடயத்தில் என் கோபம் இன்னும் கூட. காபன் நிரலை மட்டும் பார்த்தால் மெல்லிய சீற், குறைந்த எடை, அதைத் தாங்கும் மரமும் குறைவு. ஓட்டுக் கூரையை விட நல்ல பிள்ளை மாதிரித் தெரியும். வைக்கால், தங்கொட்டுவைப் பக்கச் சூளைகளில் சுட்ட ஓடு கணக்கில் தோற்றுப்போகும். சீற் உடையும்போது பறக்கிற நச்சு நார்களைக் காபன் நிரல் காட்டாது. உடைந்த சீற் வளவு முழுக்கக் கிடந்த ஊர்கள் எங்களுடையவை. இலங்கை 2018இல் இருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைச் சரக்கில் வண்டு இருந்தது என்று சொல்லி எங்கள் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் வருவதும் ரஷ்யாவில் இருந்துதான். கட்டுப்பாடு தளர்ந்தது, தேயிலை திரும்பப் போனது. ஆகவே காபன் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அந்தச் சீற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு எவ்வளவு அழகாக வந்தாலும் சரி.

நியாயமாகவும் பேச வேண்டும். 60 என்று எழுதியது மென்பொருள் இல்லை, முறைதான். ஓப்பன் எல்சிஏ இதில் உண்மையில் நல்ல பிள்ளை. வருடத்தை ஒரு மாறியாக வைக்கலாம், அலகுக்கான காபனை இன்னொரு மாறியாக வைக்கலாம், ஒரே கட்டட மாதிரியை மூன்று விதமாக ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். காசுக்கு விற்கும் சில மென்பொருட்களில் இவ்வளவு உள்ளே கை வைக்க விடமாட்டார்கள். ஒப்பிடுவதற்கு எல்லாரும் ஒரே காலத்தை எடுக்க வேண்டும் என்ற நியாயமும் எனக்கு விளங்குகிறது. இலண்டனில் இரண்டு கட்டடங்களை ஒப்பிட அது சரி.

இன்னொன்று. 20 வருடம் என்று போட்டால் கணக்கு எப்போதும் மண்ணையும் மரத்தையும் நோக்கித்தான் தள்ளும். கொஞ்சம் சீமெந்து சேர்த்து அழுத்திய மண்கல் நல்ல பொருள், சூளை தேவையில்லை. நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன், வெயிலுக்கு உள்ளே இருந்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதைப் பார்த்த சனத்திடம், தறப்பாளுக்குள் வருடக்கணக்கில் இருந்து வந்த சனத்திடம், "உங்கட வீடு 20 வருசம்தான் நிக்கும் எண்டு கணக்குப் போட்டனான்" என்று நான் எந்த வாயால் சொல்வது? அவர்கள் கேட்பது பேரப்பிள்ளைக்கும் நிற்கிற வீடு. அந்த ஆசைக்கு முன்னால் 60 என்ற எண் கூடச் சின்னது. அதனால்தான் இந்தப் பெட்டி எனக்கு இவ்வளவு எரிச்சல். 60 போட்டால் நடந்ததை மறைக்கிறது. 20 போட்டால் இனியும் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிறது.

சரி, நண்பருக்குப் பதில். காசு கொடுத்துத் தரவுத்தளம் எடுக்காதே. அதில் பொருட்கள் அதிகம், நேரம் மிச்சமாகும், தரமும் நல்லது, இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனாலும் எடுக்காதே. எங்கள் கல், எங்கள் கிரவல், எங்கள் ஓட்டுக்கான எண் அதிலும் பெரும்பாலும் "உலகின் மீதி" என்ற பொதுப் பெயரில்தான் வரும். அந்தக் காசுக்கு ஒரு தராசு வாங்கு. கல் அரிகிற இடத்தில் நின்று ஒரு மூடைக்கு எத்தனை கல் வருகிறது என்று எண்ணி எழுது. ஓப்பன் எல்சிஏயையும் ஐசிஇ தாளையும் மட்டும் வைத்துக்கொள். ஏ1 முதல் ஏ5 வரை கவனமாகப் போடு, அதுதான் இன்றைக்கு உன் கையில் இருக்கிறது. பி கட்டத்துக்கு 20, 40, 60 மூன்றையும் ஓட்டி மூன்றையும் ஒரே தாளில் அச்செடு. ஒன்றை மட்டும் வீட்டுக்காரரிடம் கொடுக்காதே. சி கட்டத்தில் நான் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன், "இந்த வளவில் முன்பு இருந்த வீடுகள்" என்று. மொத்தத்தில் அதைக் கூட்டுவதில்லை, விதி விடாது. தனியாகக் காட்டுகிறேன். அந்தக் கோப்பு வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன். ஓடுகளுக்கான எண் மட்டும் இன்னும் சரிபார்க்க வேண்டும்.