மூன்று மார்கழி பார்த்த பம்ப் ஸ்டவ்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், துருப்பிடித்த தகரப் பெட்டிக்குள் கிடந்தது. பிரைமஸ் 96, ஸ்வீடனில் செய்த சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ். கால், பர்னர், மேல்வளையம் எல்லாவற்றையும் கழற்றி அந்தப் பெட்டிக்குள்ளேயே அடுக்கிவிடலாம், அதனால்தான் மலையேறுபவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பித்தளை கறுத்து, பம்ப் கம்பி அசையாமல் இருந்தது. 800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீடும் இதே ஊரில் என்பதால் மூன்று உறைபனிக் காலம் இதை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது.

முதலில் டேங்க். உள்ளே பழைய எண்ணெய் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது, புது மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் குலுக்கிக் குலுக்கிக் கொட்டினேன். வெளியே புளிதான், வேறெதுவும் வேண்டாம். அப்புறம் காலி டேங்கில் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். டேங்கின் ஒட்டு மூட்டு ஓரத்தில் ஒரே ஒரு குமிழி வந்திருந்தாலும் அலமாரியில் வைத்திருப்பேனே தவிர தீ வைத்திருக்க மாட்டேன். நீங்களும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

என்னை அதிகம் படுத்தியது பம்ப் வாஷர். கிண்ணம் மாதிரி வளைந்த சின்னத் தோல், அவ்வளவுதான். புதிதாக வாங்கித் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன், அக்டோபரில் அருமையாக வேலை செய்தது. மார்கழியில் ஒரு காலை, புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தபோது பம்ப் அடித்தால் காற்றே ஏறவில்லை, கம்பி சும்மா போய்ப் போய் வந்தது. அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளுக்குப் பெட்ரோமாக்ஸ் லைட் வாடகைக்கு விட்ட பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "என்ன எண்ணெய் போட்ட தம்பி?" என்றார். சொன்னேன். "உங்க வீட்டுல பாட்டில்ல தேங்காய் எண்ணெய் எப்படி இருக்கு இப்ப? அதே மாதிரிதான் உள்ளயும் இருக்கும்." தோலைத் தொட்டுப் பார்த்தால் மெழுகு பூசின மாதிரி விறைத்திருந்தது. விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி போட்டு, ஓரத்தை விரலால் விரித்து மாட்டினேன், அதற்குப் பிறகு ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

பம்ப் குழாயின் அடியில் ஒரு சின்ன வால்வு உண்டு, அதிலுள்ள ரப்பர் பொட்டு காய்ந்திருந்தால் மண்ணெண்ணெய் பம்ப் வழியாக மேலே வரும், அதையும் மாற்றிவிடுங்கள். பர்னரில் எண்ணெய் ஆவி பீறிட்டு வரும் நிப்பிளின் ஓட்டையைத் தடித்த ஊசியால் குத்தாதீர்கள். ஓட்டை பெரிதானால் நீலத் தீ போய் மஞ்சளாகிப் பாத்திரமெல்லாம் கரி. ஸ்டவ் பின் மட்டும்தான்.

பற்றவைப்பதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரியவிட்டு, அது அணையப் போகிற நேரத்தில் காற்றுத் திருகை மூடி மூன்று நான்கு அடி. பர்னர் சூடாகாமல் அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே வந்து ஒரு முழ உயரத்துக்கு மஞ்சளாகப் பிடிக்கும். உறைபனிக் காலையில் ஒரு கிண்ணம் போதாது, முதல் ஸ்பிரிட் அணைந்து கிண்ணம் ஆறினதும் இரண்டாவது முறை ஊற்ற வேண்டும். வாசலிலோ திண்ணையிலோ வைத்துச் செய்யுங்கள், அறைக்குள்ளும் டென்ட்டுக்குள்ளும் வேண்டவே வேண்டாம். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும்.

கேஸ் கேன் ஸ்டவ்வும் என்னிடம் இருக்கிறது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குக் கிட்டே வந்தால் ஆவியாகவே திணறும், விடிகாலையில் தீ சுருங்கிப்போகும். பூம்பாறையில் மாமாவின் பூண்டுத் தோட்டத்தில் தங்கியபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கேனை உள்ளங்கையில் சூடாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இதில் கட்டங்காப்பி கொதித்துவிட்டது. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிப்பதால் சோறு, பருப்புக்கு இரண்டு லிட்டர் குக்கர் வைத்துக்கொள்கிறேன், ஸ்டவ் தாங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்காது. சிறு தீ சரியாக நிற்காது, தோசைக்கு ஆகவே ஆகாது. மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் வருடா வருடம் கஷ்டமாகிறது. ரேஷனில் வந்த நீல எண்ணெயை அம்மா ஒரு கேனில் சேர்த்து வைத்திருந்தார், அதைத் துணியில் வடிகட்டி ஊற்றுகிறேன். கேனில் இன்னும் மூன்று லிட்டர் இருக்கிறது. தகரப் பெட்டியில் ஒரு தோல் வாஷர், இரண்டு பின், ஒரு நிப்பிள் எப்போதும் இருக்கும்.