பத்தாவதும் பன்னிரண்டாவதும் ஒரே வருடத்தில் என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு பயிற்சி மையத்தில் நானும் என் தம்பியும் என் மாமியாரும் சேர்ந்து 48,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம். பணம் போனது ஒரு பக்கம். தம்பிக்கு ஒரு வருடம் போய்விட்டது. அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) ‘இனிமேல் படிப்புப் பேச்சையே எடுக்காதே’ என்று சொல்லும் அளவுக்கு மனம் உடைந்துபோனார். வழக்கு நடப்பதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் இந்த மாதிரி இடங்களில் பேசுகிற பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் குடியாத்தம். நான் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற வேலை செய்கிறேன். 2013இல் பத்தாவதில் கணக்கில் மட்டும் 31 மார்க், நாலு மார்க்கில் போனது. அதோடு படிப்பை விட்டு வேலைக்கு வந்தவள். இப்போது லைன் சூப்பர்வைசர் ஆகவேண்டும் என்றால் பன்னிரண்டாவது கேட்கிறார்கள். தம்பி ஒன்பதாவதோடு நின்று மெக்கானிக் ஷெட்டில் இருந்தான். அவனுக்கு எலெக்ட்ரிகல் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. அத்தை பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. நாற்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். மகளிர் குழுவில் சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

அத்தைக்கு என்ன வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். பீடிக் கணக்கு நோட்டு ஒன்று அவரிடம் இருக்கும். கொடுத்த இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, திருப்பிக் கொடுத்த பீடி எவ்வளவு என்று ஏஜென்ட் எழுதித் தருவார். நம்பர் எல்லாம் அத்தைக்கு நன்றாகத் தெரியும். இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுக் கட்டி எண்ணுகிற கை அது, கணக்கில் தப்பே வராது. ஆனால் சில வாரம் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதியிருக்கும், அந்த வாரம் கூலி குறையும். “அதுல இன்னா எழுதிக்கீதுன்னு எனக்குத் தெரியணும்மா, அது போதும்” என்பார். தொண்ணூறுகளில் எழுதப் படிக்கச் சொல்லித்தர அறிவொளி இயக்கம் ஊருக்குள் வந்தபோது கைக்குழந்தையை வைத்திருந்ததால் போகமுடியவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

2023 மே மாதம், கங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரம், ஆட்டோவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து மூன்று பேரும் போனோம். அங்கே இருந்தவர் எங்களிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி கேட்டார். எதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. “கவலையே படாதீங்க சிஸ்டர். பத்தாவதும் பன்னெண்டாவதும் ஒரே வருஷத்துல முடிச்சுக் குடுத்துடுறோம். டெல்லி போர்டு, எங்க வேணும்னாலும் செல்லும். மூணு பேரா வந்தா கம்மி பண்ணித் தர்றேன்” என்றார். எனக்கு 22,000, தம்பிக்கு 14,000, அத்தைக்கு எட்டாவது, பத்தாவது இரண்டுக்கும் சேர்த்து 12,000. என் செயினை அடகு வைத்து முதலில் 30,000 கட்டினேன். ரசீதில் ‘சேவைக் கட்டணம்’ என்று மட்டும் போட்டிருந்தது. எந்த போர்டு, எந்தப் பாடம், எந்த வருடம் என்று எதுவும் இல்லை. அன்றைக்கே அதைக் கேட்டிருக்கவேண்டும்.

தம்பியின் டி.சி. ஒரிஜினலை ‘டெல்லிக்கு அனுப்பணும்’ என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதுதான் பிறகு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஒரே ஹாலில் எல்லோரும். பதினேழு வயதுப் பையனும் அத்தையும் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சு. கொடுத்தது ஒரு ஜெராக்ஸ் நோட்ஸ், பாதி இங்கிலீஷ். அத்தை முதல் இரண்டு வாரம் சிலேட்டு மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ‘அ’ எழுதச் சொல்லித் தருவார்கள் என்று காத்திருந்தார். மூன்றாவது வாரம் தானே எழுந்து கேட்டார். பாடம் எடுத்த பெண், “நீங்க சும்மா உக்காருங்கம்மா, கையெழுத்துப் போடத் தெரிஞ்சா போதும், சர்டிபிகேட் தானா வந்துடும்” என்று சொல்ல, ஹாலே சிரித்தது. பஸ்ஸில் வரும்போது அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் நோட்டை எடுத்து மடித்து அரிசி டிரம்முக்கு மேலே வைத்துவிட்டார்.

அந்த ஹாலின் இன்னொரு மூலையில் வெள்ளை கோட் போட்டு ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ‘ஆறு மாத நர்சிங் டிப்ளமோ.’ வேலூரில் எங்கே திரும்பினாலும் ஆஸ்பத்திரி, அதனால் இந்தப் படிப்பு இங்கே நன்றாக விற்கிறது. நர்ஸ் என்று பதிவு செய்யவேண்டும் என்றால் முறையான கல்லூரியில் படித்திருக்கவேண்டும். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம், பி.எஸ்சி. நான்கு வருடம், அதற்கப்புறம் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு. நர்ஸ் ஆவதற்கான படிப்பை அஞ்சல் வழியிலோ ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலோ படிக்க முடியாது. வீட்டில் வயதுப் பெண் இருப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

ஜனவரியில் ‘எக்ஸாம்’ நடந்தது. விடையைப் போர்டில் எழுதிப் போட்டார்கள், நாங்கள் பார்த்து எழுதினோம். அங்கேயே எழுந்து வந்திருக்கவேண்டும். கட்டிய பணத்தை நினைத்து உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலில் மூன்று பேருக்கும் சர்டிபிகேட் வந்தது. எனக்கு ஒரே நேரத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டும். கணக்கில் 78 போட்டிருந்தார்கள். மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி பெயர் மாதிரியே இருந்தது, ஒரு சொல்தான் வித்தியாசம். சந்தேகம் வந்து கேட்டபோது ஒரு வெப்சைட் கொடுத்தார்கள். நம்பரைப் போட்டால் எங்கள் மார்க் அழகாக வந்தது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்த வெப்சைட்டும் அவர்களுடையதுதான். சர்டிபிகேட் கொடுத்தவனிடமே ‘இது உண்மையா’ என்று கேட்டால் உண்மை என்றுதான் சொல்வான். சேரப்போகும் கல்லூரியிலோ, வேலை கொடுக்கும் இடத்திலோ, கல்வி அலுவலகத்திலோதான் விசாரிக்கவேண்டும்.

2024 ஜூனில் தம்பியை வேலூர் அரசு ஐ.டி.ஐ.க்கு (தொழிற்பயிற்சி நிலையம்) அழைத்துப் போனேன். சர்டிபிகேட்டைப் பார்த்ததும் அங்கே இருந்த சார் நிமிர்ந்து பார்த்தார். “இது செல்லாதும்மா. இதை அப்ளிகேஷன்ல போட்டா தம்பிமேலதான் கேஸ் வரும்” என்றார். அப்புறம் தம்பியைப் பார்த்து, “எந்த டிரேடுப்பா?” என்று கேட்டார். வயர்மேன் என்றான். “எட்டாவது பாஸா? அதுக்கு அது போதுமே. டி.சி.யைக் கொண்டா.”

அந்த இடத்தில் எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. வயர்மேன், வெல்டர் போன்ற டிரேடுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும். ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கிறார்கள், பெண்களுக்கு வயது உச்சவரம்பு கிடையாது. மாதம் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். எட்டாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கிலம் மட்டும் தேர்வெழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்றிதழே வாங்கலாம். என் தம்பிக்கு 14,000 ரூபாய்ப் படிப்பு தேவையே இல்லாமல் இருந்தது. கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது, எங்கே போகவேண்டும் என்று முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் அவன் ஒரு வருடம் முன்னாலேயே சேர்ந்திருப்பான்.

டி.சி. கேட்டுப் போனால், ‘டெல்லியில் இருக்கு’, ‘சார் வெளியூர்’, கடைசியில் ‘மீதிப் பணம் 5,000 பாக்கி’. பாக்கியே கிடையாது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, அந்த நகலோடு போலீசிலும் எழுதிக் கொடுத்தோம். பதினோராவது நாள் டி.சி. வந்தது. அது டெல்லிக்குப் போகவே இல்லை, மேஜை டிராயரில் இருந்திருக்கிறது. அதற்குள் கவுன்சிலிங் முடிந்துவிட்டது. நேரடிச் சேர்க்கையில் காலி இடம் இருந்ததால் தம்பி தப்பித்தான். ஒரிஜினல் சான்றிதழை யார் கேட்டாலும் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். பத்தாவதில் ஒரு பாடம் போனவர் அந்த ஒரு பாடத்தை, பள்ளிக்குப் போகாமலே, தனித்தேர்வராக எழுதினால் போதும். அரசுத் தேர்வுத் துறை அறிவிப்பு வரும்போது சேவை மையத்தில் போய் விண்ணப்பிக்கவேண்டும், செலவு சில நூறு ரூபாய்தான். பன்னிரண்டு வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். எங்கள் தெருவில் ரிட்டயர்டு கணக்கு டீச்சர் ஒருவர் மூன்று மாதம் ராத்திரியில் சொல்லிக்கொடுத்தார். 2025இல் எழுதி 43 எடுத்துத் தேறிவிட்டேன். அந்தப் பொய் 78ஐ விட இந்த 43 எனக்குப் பெரிசு.

பன்னிரண்டாவதுக்கு உண்மையான தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். என்னைப்போல ஷிப்டு வேலையில் இருப்பவர்களுக்கு அது ஒத்துவரும். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும், வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு, ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அங்கேயும் பத்தாவது தேறி இரண்டு வருட இடைவெளி இல்லாமல் பன்னிரண்டாவது சான்றிதழ் வராது. எனக்கு 2027க்கு முன்னால் கிடைக்காது, தெரிந்துதான் சேர்ந்தேன். ‘ஒரே வருடத்தில் இரண்டும்’ என்று ஒருவர் சொன்னாலே அது பொய் என்று இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். பணத்தையும் தேசிய திறந்தநிலைப் பள்ளியின் வெப்சைட்டிலேயே நேராகக் கட்டுங்கள், நடுவில் யாரும் வேண்டாம்.

டிகிரிக்கும் அந்த மையத்தில் வலை விரித்தார்கள். பத்தாவதே இல்லாவிட்டாலும் 35,000 கட்டினால் டிகிரி என்றார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இலேயே அரசாணை 107 வந்துவிட்டது. அஞ்சல் வழியில் படிக்க நினைப்பவர்கள், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை நடத்த இந்த வருடம் அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு வெப்சைட்டில் பார்த்துவிட்டு, இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, நேராக அங்கேயே சேருங்கள்.

அத்தைக்கு வேண்டியது ஒரு ரூபாய் செலவில்லாமல் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று 2022இலிருந்து நடக்கிறது. பதினைந்து வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டால் மையம் எங்கே என்று சொல்வார். எங்கள் பக்கத்தில் சாயங்காலம் பள்ளி வராண்டாவில் நடந்தது, அத்தையோடு சேர்ந்து பன்னிரண்டு பேர், பாதிப்பேர் பீடி சுற்றுகிறவர்கள். சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண். முதலில் அத்தை வரமாட்டேன் என்றார், மறுபடி யாராவது சிரிப்பார்கள் என்ற பயம். நான் நான்கு நாள் கூடப்போய் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள், “நீ வேலையைப் பாரும்மா” என்று அரிசி டிரம்மு மேலே இருந்த நோட்டைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

ஒருநாள் ராத்திரி பீடிக் கணக்கு நோட்டை விளக்குக்குக் கீழே வைத்து, விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். க, ழி, வு. சேர்த்து இன்னொரு தடவை. “கழிவு.” மட்டம் என்று தள்ளிய பீடி. அப்புறம் பின்பக்கமாகப் புரட்டி, எந்தெந்த வாரம் அந்தச் சொல் இருக்கிறது, எவ்வளவு தள்ளியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை ஏஜென்டிடம், தள்ளுகிற பீடியை என் கண்ணுக்கு முன்னாலேயே பிரித்துக் காட்டு என்று கேட்டிருக்கிறார். இப்போது காட்டிவிட்டுத்தான் எழுதுகிறார்.

மையத்திடமிருந்து இதுவரை 18,000 திரும்ப வந்திருக்கிறது. மீதிக்கு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ‘சேவைக் கட்டணம்’ ரசீதும், ‘ஒரே வருடத்தில் இரண்டும்’ என்று அவர் வாட்ஸாப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும்தான். அதே மாடியில் பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால், அவற்றை அழித்துவிடாதீர்கள்.