ரைடிங் மோவர்: எந்த டிரான்ஸ்மிஷன் எத்தனை காலம் உழைக்கும்?

அமெரிக்கப் புறநகரில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மனையோடு வீடு வாங்கிய நம்மவர்கள் முதல் கோடையிலேயே ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) கடைக்குப் போய்விடுகிறார்கள். புல் கொஞ்சம் உயர்ந்தாலும் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வரும், வேறு வழியில்லை. கடையில் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள், பிளேடு எத்தனை அங்குலம் என்று கேட்கிறார்கள். இருக்கைக்கு அடியில் பின் அச்சோடு சேர்ந்து கிடந்து, என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் டிரான்ஸ்மிஷனைப் பற்றி விசாரிப்பவர் அபூர்வம். என்ஜின் மக்கர் செய்தால் உதிரிபாகம் வாங்கிப் போட்டு ஓட்டிவிடலாம். மலிவு வண்டியில் டிரான்ஸ்மிஷன் போனால், புதியதன் விலையும் கூலியும் சேர்ந்து அந்தப் பழைய வண்டியின் மதிப்பையே தொட்டுவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 42 அங்குல டெக் (பிளேடுகள் சுழலும் அடிக்கூடு), மணிக்கு 4 மைல் வேகம். காகிதத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 74,000 சதுர அடி வெட்டலாம். திரும்புவதற்கும், வெட்டிய வரிசையின் மேல் கொஞ்சம் ஏறிப் போவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 59,000. அரை ஏக்கர் என்பது 21,780 சதுர அடி. மரங்களையும் பூப்பாத்திகளையும் சுற்றிப் போனாலும் அரை மணி நேரத்தில் வேலை முடியும். நியூ ஜெர்சியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் ஒரு முறை என்றால் ஆண்டுக்குப் பதினைந்து மணி நேரம். இரண்டு ஏக்கர்காரருக்கு அது ஐம்பது, அறுபதாகும். ஆகவே 'எத்தனை ஆண்டு வரும்?' என்ற கேள்விக்கு இந்த இருவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

உற்பத்தியாளர் தன் வண்டியை எவ்வளவு நம்புகிறார் என்பது உத்தரவாதச் சீட்டிலேயே தெரியும். ஜான் டீர் நிறுவனம் தன் 100 வரிசைக்குத் தருவது 2 ஆண்டு அல்லது 120 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது. எக்ஸ்300 வரிசைக்கு 4 ஆண்டு அல்லது 300 மணி நேரம். எக்ஸ்500க்கு 500 மணி. எக்ஸ்700க்கு 700 மணி. நான்கும் பச்சை, நான்கும் புல் வெட்டும். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி கண்ணில் படாத இரும்பில் இருக்கிறது. அதில் டிரான்ஸ்மிஷனுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இன்று வீட்டு வண்டிகளில் பெரும்பாலானவை ஹைட்ரோஸ்டாட்டிக். என்ஜினிலிருந்து வரும் பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்புக்குள் சிறு பிஸ்டன்கள் ஒரு சாய்தட்டின் மேல் ஓடுகின்றன. பெடலை அழுத்தினால் தட்டு சாய்கிறது, ஆயில் அழுத்தத்தோடு மோட்டார் பக்கம் பாய்கிறது, சக்கரம் சுழல்கிறது. கியர் மாற்றும் தொல்லையே இல்லை. ஆனால் எல்லாம் ஆயிலை நம்பித்தான் நடக்கிறது. சரிவில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் ஆயில் சூடாகி ரசம்போல் நீர்த்துவிடுகிறது. பாகங்களின் நுண்ணிய இடைவெளிகள் வழியே கசிந்து அழுத்தத்தை இழக்கிறது. கசிவு மேலும் சூட்டைக் கிளப்புகிறது. இதன் ஆயுளைத் தின்பது ஓடிய மணி நேரத்தைவிட இந்தச் சூடுதான் என்பது என் கட்சி. சமதரையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடக்கூடிய அதே டிரான்ஸ்மிஷன் பெட்டி, மேட்டு மனையில் நான்கைந்து கோடையில் மூச்சு வாங்கலாம்.

இதற்குச் சரியான உதாரணம் டஃப் டார்க் நிறுவனத்தின் கே46 என்ற ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டி. ஜான் டீர் 100 வரிசை உட்பட எத்தனையோ பிராண்டுகளின் மலிவு வண்டிகளில் நெடுங்காலமாக இருப்பது. இதைத் திட்டாத சரிவு மனைக்காரர் கிடையாது; சமதரைக்காரருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. எனக்கு இதில் பிடிக்காதது ஒன்றுதான்: ஆயிலை வடிக்க அடியில் திருகு இல்லை. ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்பது விற்பவர் தரப்பு. யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றுகிறது. உள்ளேயே இருக்கும் பிரேக்கும் அதே ஆயிலில்தான் தேய்கிறது. பொறுமைசாலிகள் பெட்டியையே கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, பழையதை வடித்து, 5டபிள்யூ-50 செயற்கை ஆயில் ஊற்றி, காற்றுக்குமிழிகளை வெளியேற்றி மீண்டும் மாட்டுகிறார்கள். அதில் புத்துயிர் பெற்ற பெட்டிகளும் உண்டு. ஏற்கெனவே தேய்ந்துபோனதை எந்த ஆயிலும் காப்பாற்றாது.

ஒரு படி மேலே போனால் வடிதிருகும் வெளியே மாட்டிய வடிகட்டியும் உள்ள ரகங்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் தனித்தனி ஹைட்ரோ (ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டி) வைத்து, நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ-டர்ன் வண்டிகளில் இதைத் தேடுவது நல்லது. ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் இசட்டி-2800 முதல் மேலே உள்ள பெட்டிகளில் ஆயிலையும் வடிகட்டியையும் வீட்டு முற்றத்திலேயே மாற்றலாம். முதல் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. புதுப் பாகங்கள் உரசி உதிர்த்த துகள்கள் அந்த ஆயிலில்தான் மிதக்கின்றன. கெட்டால் இரண்டு பெட்டிக்குச் செலவு என்பது ஜீரோ-டர்னின் குறை. ஆனாலும் இரண்டு ஏக்கருக்கு மேல் வெட்டுபவருக்கு ஆயில் மாற்ற முடியாத பெட்டியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பழைய கியர் வண்டிகள் தனிச் சாதி. பியர்லெஸ் போன்ற பெட்டிகளில் பற்சக்கரங்கள் கிரீஸில் கிடக்கும். சூட்டுப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. வண்டியை நிறுத்தி கியர் மாற்றும் பொறுமை இருந்தால் இருபது, முப்பது ஆண்டு சாதாரணம். ஓடும்போதே கரகரவென்று கியரைத் தள்ளுபவர் கையில் கிடைத்தால் உள்ளே கியரைக் கவ்விப் பிடிக்கும் சிறு துண்டுகள் மழுங்கிவிடும். உழைப்பை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் முன்னும் பின்னும் நூறு முறை போய்வரும் தோட்டத்தில் இதை ஓட்டுவது இடுப்பொடிக்கும் வேலை. புது வண்டிகளில் இது அருகியும் வருகிறது.

பெல்ட்டையும் விரிந்து சுருங்கும் கப்பியையும் வைத்து வேகம் மாற்றும் மலிவு ரகத்தில் பெல்ட் தேய்வதுதான் முக்கியச் செலவு. பழைய ஸ்னாப்பர் பின்-என்ஜின் வண்டியில் ரப்பர் விளிம்புள்ள சக்கரம் ஒரு தட்டை உரசி ஓடும். ரப்பர் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஈகோ இசட்6 போன்ற பேட்டரி வண்டிகளில் ஹைட்ரோவே கிடையாது. சக்கரத்துக்கு ஒரு மின்மோட்டார், வேகம் குறைக்கச் சில பற்சக்கரங்கள். இங்கே கவலை டிரான்ஸ்மிஷனிலிருந்து பேட்டரிக்கும் மின்னணுப் பலகைக்கும் இடம் மாறுகிறது. அரை ஏக்கர் சமதரைக்கு இன்று வாங்குபவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஹைட்ரோ ஏற்கெனவே வீட்டில் இருந்தால், மாதம் ஒரு முறை என்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் குனிந்து பாருங்கள். பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் விசிறி இருக்கும். இறகு ஒடிந்திருக்கும், அல்லது உலோக மடிப்புகளுக்கு இடையே காய்ந்த புல்லும் கசிந்த ஆயிலும் சேர்ந்து அடை தட்டியிருக்கும். பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தால் பெட்டிக்கு மூச்சு வரும். என்ஜின் ஓடாமல் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போகும்போது, சக்கரத்தை விடுவிப்பதற்காகப் பின்னால் நீட்டியிருக்கும் பைபாஸ் கம்பியை இழுத்து மாட்ட மறக்க வேண்டாம். இழுவை போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் டிரைவ் பெல்ட்டைப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த பெல்ட்டும் அதே அறிகுறியைக் காட்டும்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒன்று. காரைக் குளிர்ந்த என்ஜினோடு பார்க்க வேண்டும் என்பார்கள். ஹைட்ரோவைச் சூடாகப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது நைந்த பெட்டியும் மேடேறும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சரிவின் நடுவில் நிறுத்தி, மீண்டும் பெடலை அழுத்துங்கள். முனகிக்கொண்டு நின்றாலோ பின்னால் வழுக்கினாலோ விலை பேச உட்கார வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டத் தரமாட்டேன் என்பவரிடமும் அப்படியே.