‘ஸ்டூடியோ செட்’ என்று சொல்லி 1,850 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) பிடுங்கிவிட்டார்கள். இசைக்குழு வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பதிவு செய்ய வாங்கிய செட் சரியில்லை என்று கேட்டதற்கு இன்று மதியம் கடையிலிருந்து வந்த பதில் இது: “சாமான் நல்லாத்தான் இருக்கு அண்ணே, உங்களுக்குத்தான் யூஸ் பண்ணத் தெரியல.” 1,850 வெள்ளியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவர்கள் சொல்கிற பேச்சு.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டக் கோயில் திருவிழாக்களுக்கு உருமி அடிக்கும் சின்னக் குழு. பாதிப் பேர் இன்னும் தோட்டத்தில் வேலை, மற்றவர்கள் ஃபேக்டரி. திருவிழாவில் கிடைக்கிற காசில் வேன் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சியதைச் சேர்த்து வைத்திருந்தோம். சொந்தமாகக் கட்டிய அம்மன் பாட்டு நாலைந்து இருக்கிறது. ஈப்போவில் ஸ்டூடியோ எடுத்தால் மணிக்கணக்குக்குக் காசு. அதற்குப் பதில் ஒரு செட் வாங்கிவிட்டால் ஆடித் திருவிழாவுக்குள் நாமே பதிவு செய்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் வேண்டாம். பெரிய டவுனில் கீபோர்டு, கிட்டார், கரோக்கே பெட்டி எல்லாம் விற்கிற கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போனதும் தெளிவாகச் சொன்னேன். லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் இருக்கிறது, அதில் தடம் தடமாகப் பதிய வேண்டும், உருமிக்கு ஒரு மைக், தவிலுக்கு ஒரு மைக், பாட்டு பிறகு தனியாக. “கரோக்கே பாட இல்ல தம்பி, ரெக்கார்டிங்குக்கு” என்று அழுத்தியே சொன்னேன்.

கவுண்டரில் இருந்த தம்பி நம்ம பிள்ளைதான். அவன் பேசியதைக் கேட்டால் யாரும் நம்புவார்கள். “அண்ணே, அப்படின்னா சாதா சவுண்ட் கார்டு சரிப்படாது. லேப்டாப் மைக் ஓட்டையில சில வோல்ட்தான் வரும், கண்டன்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேணும். ஏசியோ டிரைவரும் வேணும், இல்லாட்டி சத்தம் லேட்டா வரும்.” கண்டன்சர் என்பது வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டிய மைக். ஏசியோ என்பது பெட்டியையும் பதிவு மென்பொருளையும் அதிகத் தாமதமில்லாமல் இணைக்கிற டிரைவர். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. நானே படித்துத் தெரிந்துகொண்டு போனதைத்தான் அவனும் சொன்னான். சாதாரண சவுண்ட் கார்டு வேண்டாம் என்று தானாகவே எச்சரிக்கிற கடைக்காரன், அதே சாதாரண சவுண்ட் கார்டைத்தான் டப்பா மாற்றிக் கொடுப்பான் என்று யார் நினைப்பார்கள்?

உள்ளேயிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். கனமான இரும்பு உடம்பு, முன்னால் இரண்டு மைக் சாக்கெட், சிவப்பு விளக்கோடு ‘48V’ பட்டன், வரிசையாகக் குமிழ்கள். அட்டையில் பதிவின் தரம் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டு, “பாடிப் பாருங்க அண்ணே” என்றான். அம்மன் பாட்டில் இரண்டு வரி பாடினேன். என் குரல் எக்கோவோடு, கொஞ்சம்கூடத் தாமதமில்லாமல் காதில் வந்து இறங்கியது. கூட வந்த உருமிக்காரரும் மாட்டிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். “பார்த்தீங்களா, ஜீரோ லேட்டன்சி.” சரி என்று 1,850 வெள்ளியை எண்ணிக் கொடுத்தோம். பெட்டி, இரண்டு மைக், ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் சேர்த்து.

அந்த ஹெட்ஃபோன் வித்தையைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் ஏமாற்றுவதே அங்கேதான். மைக்கில் பாடியது பெட்டிக்குள்ளேயே சுற்றி ஹெட்ஃபோனுக்கு வந்துவிடுகிறது. கணினிக்குள் போகவே இல்லை. போகாத சத்தம் எப்படித் தாமதமாகும்? லேட்டன்சி என்பது சத்தம் கணினிக்குள் போய், மென்பொருளைத் தாண்டி, திரும்பி வருகிற நேரம். பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் சத்தத்தின் அளவை, 256 சாம்பிளில் வைத்தால் 44,100 ஹெர்ட்ஸில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏறக்குறைய 6 மில்லி செகண்ட். 1024-இல் வைத்தால் 23. போக, வர இரண்டையும் கூட்டிப் பாருங்கள். தாளம் அடிக்கிற ஆளுக்கு அது கையில் தெரியும்.

வீட்டில் மாட்டினால் ரீப்பரின் ஏசியோ பட்டியலில் எதுவும் வரவில்லை. கூட வந்த சிடியில் இருந்த ‘ஸ்டூடியோ டிரைவர்’ என்னவென்று பார்த்தால் ஏசியோ ஃபோர் ஆல். அது யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிக்கொள்ளலாம். அதைக் குறை சொல்லவில்லை, நல்ல மென்பொருள்தான். ஆனால் அந்தப் பெட்டிக்கென்று எழுதிய டிரைவர் இல்லை, விண்டோஸின் சாதாரண டிரைவர் மேல் போர்த்திய போர்வை. சாதாரண சவுண்ட் கார்டு வைத்திருப்பவர்கள் சமாளிக்கப் போடுவது. பஃபரைக் குறைத்தால் படபடவென்று வெடிக்கிறது, கூட்டினால் பாட்டு தாளத்துக்குப் பின்னால் போகிறது.

விண்டோஸில் மாட்டிய சாமான்களின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். அதில் பெட்டியின் பெயர் யூஎஸ்பி பிஎன்பி சவுண்ட் டிவைஸ். பசார் மாலாமில் (இரவுச் சந்தை) சின்னதாக யூஎஸ்பி குச்சி ஒன்று விற்பார்களே, அதை மாட்டினாலும் இதே பெயர்தான் வரும். சவுண்ட் செட்டிங்கில் ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தில் இருந்தது ஒரே வரி: ஒரு சேனல், 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ். அட்டையில் இருந்த 24-ஐயும் காணோம், 192-ஐயும் காணோம்.

ஒரு சேனல் என்றால் புரிகிறதா? முன்னால் இரண்டு மைக் சாக்கெட் இருந்தாலும் இரண்டும் உள்ளே ஒன்றாகக் கலந்து ஒரே தடமாகத்தான் வருகிறது. உருமியைக் குறைத்தால் தவிலும் குறைகிறது. எக்கோவும் சேர்ந்தே பதிவாகிவிடுகிறது, பிறகு எடுக்க வழியில்லை. லேப்டாப்பில் ஓடுகிற பாட்டும் கூடவே பதிவுக்குள் வந்துவிடுகிறது. நேரலையில் பாடுகிறவர்களுக்கு அது வசதி, தடம் தடமாகப் பதிகிறவனுக்கு எமன். போதாக்குறைக்கு, இரைச்சலைக் குறைக்கும் வேலையை பெட்டி தானாகவே செய்கிறது. உருமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கும்போது ஒரு உறுமல் வருமே, உருமிக்கு உயிரே அதுதான். அதை இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடுகிறது. மிஞ்சுவது டொக் டொக்.

கடைசியாக 48V. எங்கள் குழுவில் ஒருவர் வயர்மேன். மல்டிமீட்டரை எடுத்துவந்து மைக் கேபிளின் முனையில் ஒன்றாம் பின்னிலும் இரண்டாம் பின்னிலும் வைத்தார். பட்டனை அமுக்கினோம், சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டரில் 4.7. ஒன்றுக்கும் மூன்றுக்கும் வைத்துப் பார்த்தார், அதுவும் அப்படியே. யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட். உண்மையான இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பதிவுப் பெட்டி) அதை 48-க்கு ஏற்றுவதற்கென்று உள்ளே தனிச் சுற்று இருக்கும். இதில் பட்டன் விளக்குக்கு மட்டும்தான். “விளக்குக்கு 1,850 வெள்ளியா?” என்று அவர் கேட்டார். சிரிப்பு வரவில்லை.

சாதாரண சவுண்ட் கார்டு மேல் எனக்குப் பகை இல்லை. பழைய டெஸ்க்டாப்பில் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் போட்டு எத்தனையோ பேர் பதிவு செய்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். 1998-இல் வந்த கார்டு. உள்ளே எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் ஓட்டும். அந்தக் குறை தெரிந்தே, வேறு டிரைவர் போட்டு வேலை வாங்கினார்கள். ஆனால் அது விளையாட்டுக்கும் பாட்டுக் கேட்கவும் செய்த கார்டு என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைக் கொண்டுவந்து ஸ்டூடியோ என்று சொல்லி 1,850 வெள்ளி கேட்கவில்லை. இந்தக் காசுக்கு உண்மையான இரண்டு மைக் இன்டர்ஃபேஸும் மைக்கும் சேர்த்தே வாங்கியிருக்கலாம்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அன்றைக்கு அண்ணே அண்ணே என்று குழைந்த தம்பி, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “லேப்டாப் பழசு அண்ணே, ரேம் பத்தாது.” பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புது லேப்டாப்பிலும் அதே கதைதான் என்றேன். “விண்டோஸ் அப்டேட் பிரச்சினை.” மீட்டர் படத்தைக் காட்டினேன். “அதெல்லாம் பாஸ்கிட்டதான் பேசணும், பாஸ் வெளியூர் போயிட்டாரு.” பாஸுக்கு வாட்ஸ்அப் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஒருவழியாக வந்த வாய்ஸ் மெசேஜில், “சப்ளையர்கிட்ட கேட்கிறேன் லா, கொஞ்சம் பொறுங்க.” பொறுத்தோம். மறுபடி கேட்டால் பெட்டி திறந்தாச்சாம், சீல் உடைஞ்சாச்சாம், எடுக்க முடியாதாம். ரிசிட்டின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். அதே ரிசிட்டில் நாங்கள் வாங்கியது என்னவென்று போட்டிருக்கிறது தெரியுமா? ‘சவுண்ட் சாமான், 1 செட், 1,850.00.’ மாடல் இல்லை, 48V இல்லை, ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் இன்றைக்கு வந்த அந்தப் பதில்.

அந்த அச்சடித்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்தி இருக்கவேண்டும். ரிசிட்டில் என்ன அச்சடித்தாலும் அது மாறாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். நான் போடப்போகிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. லேப்டாப்பைக் கையோடு கொண்டு போங்கள். உங்கள் மென்பொருளில் பதிவு செய்து, திரும்ப ஓட்டிக் கேட்காமல் காசை எடுக்காதீர்கள். ஹெட்ஃபோனில் பாடச் சொன்னால் பாடாதீர்கள். இரண்டு மைக்கும் இரண்டு தடமாக வருகிறதா பாருங்கள். டிரைவரை, செய்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கச் சொல்லுங்கள். தளமே இல்லாத கம்பெனி என்றால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ரிசிட்டில் மாடலையும் 48 வோல்ட் என்பதையும் எழுத வையுங்கள்.

பேராக்கில் வேறு யாராவது இதே மாதிரி இரும்புப் பெட்டி, சிவப்பு விளக்கு செட் வாங்கியிருந்தால் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ரிசிட்டோடு படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.