பாண்டியில் கல்யாணமா? முகூர்த்த நேரத்தை வைத்து ஊர் சுற்றும் வழி

பாண்டிச்சேரிக் கல்யாணங்களுக்கு வரும் சொந்தபந்தங்களை வருடக்கணக்கில் ஊர் சுற்றிக் காட்டியதில் திரும்பத் திரும்பக் கேட்ட புலம்பல் ஒன்றுதான்: "போனோம், சாத்தியிருந்துச்சு." மணக்குள விநாயகர் கோயிலில் மதியம் 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4-க்குத்தான் திறப்பார்கள். அரவிந்தர் ஆசிரமம் 12 முதல் 2 வரை கிடையாது. முகூர்த்தம் முடிந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, தாம்பூலப் பையோடு வேனில் ஏறும் நேரமும் சரியாக அதுதான்.

அதனால் கோயிலையும் ஆசிரமத்தையும் முதல் நாளே, ரிசப்ஷனுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். 4 மணிக்குக் கோயில் வாசலில் நின்றால் 5.30-க்குள் இரண்டும் ஆகிவிடும், நடுவில் பொடிநடைதான். ஆசிரமத்துக்குள் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடமாட்டார்கள். போனை அணைத்துவிட வேண்டும், சமாதியைச் சுற்றிப் பேச்சே கூடாது. கைக்குழந்தை இருந்தால் ஒருவர் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துப் பக்கம் உட்கார, மற்றவர்கள் போய்வந்து ஆள் மாற்றிக்கொள்வதுதான் சரிப்படுகிறது.

கடற்கரைச் சாலைக்கு விடியற்காலையை விட்டால் வேறு நேரம் இல்லை என்பேன். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் பாட்டி முதல் பேரன் வரை நடுரோட்டிலேயே நடக்கலாம். 5.30-க்குப் போனால் சூரியன் கடலிலிருந்து எழும்பும். காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள். வெயில் சாய்வாக விழும் அந்த அரை மணி நேரம் அவற்றின் செதுக்கல் துல்லியமாகத் தெரியும். உச்சிவெயிலில் வெறும் கல்தான். படம் எடுப்பவர்கள் அப்படியே துய்மா, ரோமேன் ரோலண்ட் தெருக்களுக்குள் நுழையுங்கள். தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுவதால், காலையில் மேற்கு வரிசையில் இருக்கும் மஞ்சள் சுவர்கள்தான் வெளிச்சத்தில் இருக்கும்.

இதைப் பட்டு கட்டுவதற்கு முன்பே முடியுங்கள். உப்புக் காற்றில் புடவை பிசுபிசுக்கும், வெள்ளிச் சரிகை கறுக்கும். கரையோரப் பாறைகளில் இறங்கவே வேண்டாம். மேலே காய்ந்திருக்கும், அலை படும் இடமெல்லாம் பாசி. ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் செருப்பு என்று நிற்பவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள்.

கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு, 1 முதல் 4 வரை? ஆரோவில் போகலாம். நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியில் திரும்ப வேண்டும். பார்வையாளர் மையத்தில் இலவசச் சீட்டு வாங்கி, மரநிழல் பாதையில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் மாத்ரி மந்திர் என்னும் தியான மண்டபத்தின் பொன்னிறக் கோளம் தெரியும் இடம் வரும். அங்கிருந்து பார்க்கத்தான் முடியும். உள்ளே போவதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும், கல்யாணத்துக்கு இரண்டு நாள் வருபவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. இது தெரியாமல் வந்து, "இவ்வளவு தூரம் நடக்கவிட்டு எட்டி நின்று பார்க்கவா?" என்று பெரியப்பாக்கள் கோபப்படுவது வழக்கம், வேனிலேயே சொல்லிவையுங்கள். ஞாயிறென்றால் சீட்டு கொடுக்கும் நேரம் குறைவு, முகூர்த்தம் முடிந்து போவது பெரும்பாலும் வீண்.

பிள்ளைகள் அதிகமுள்ள கூட்டமா, கடலூர் சாலையில் 8 கிலோமீட்டரில் சுண்ணாம்பாறு படகுக் குழாம். படகில் முகத்துவார மணல்திட்டுக்குப் போய்வரலாம். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். விடுமுறை நாளில் போகும் வரிசையைவிடத் திரும்பும் வரிசை நீளம், சாயங்கால ரயிலைப் பிடிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அலை இழுக்கும் கடல் அது, முழங்காலுக்கு மேல் இறங்கவிடாதீர்கள்.

அரிக்கமேடு என்று சொன்னால் ரோமானியர் காலத்துத் துறைமுகத்தை எதிர்பார்த்து வருவார்கள். 1945-இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய குழிகளை அப்போதே மூடிவிட்டார்கள். இன்று கண்ணில் படுவது மாந்தோப்பும் பிற்காலத்துப் பாழ்ச்சுவரும்தான். வரலாற்றில் ஈடுபாடு இல்லாதவரை அழைத்துப்போகாதீர்கள். அங்கே கிடைத்த மணிகளையும் பானையோடுகளையும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், திங்கள் விடுமுறை. ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தால், நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகள் போதும்.

வண்டி விஷயம். ஆட்டோவில் மீட்டரை நம்பாதீர்கள், ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் கீறல்களை நாலு பக்கமும் வீடியோ எடுத்த பிறகே சாவி வாங்குங்கள். டாங்கில் பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் இருக்கும். வேன்காரர்கள் பிரெஞ்சுத் தெருக்களுக்குள் நுழைந்தால் ஒருவழிப் பாதையில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தெற்குக் கோடியில் பழைய துறைமுகப் பக்கம் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

மண்டபத்து அறையை மதியத்துக்குள் காலி செய்யச் சொல்வார்கள், பெட்டிகளைக் காலையிலேயே வேனில் ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போது மாப்பிள்ளையின் நண்பர்களுடைய பைகளை மட்டும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி பாட்டில் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் வழக்கு அவர்கள்மீது, பறிமுதலாவது வேன்.