டெக்சாஸுக்கு நடுவருடத்தில் குடிபோனால்: கலிபோர்னியா சுலபமா, நியூயார்க் சுலபமா?

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அதனால் ஜூலையில் ஆஸ்டினுக்கோ டல்லாஸுக்கோ குடிபோனால் பாதி வருட வரி மிச்சம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது மிச்சமாகுமா இல்லையா என்பது நீங்கள் விட்டுவரும் மாநிலத்தின் கையில் இருக்கிறது.

சம்பளத்தைப் பொறுத்தவரை கலிபோர்னியாவே மேல். குடியிருப்பு உண்மையிலேயே மாறிவிட்டால், அப்புறம் ஆஸ்டினில் உட்கார்ந்து செய்த வேலையின் சம்பளத்துக்கு அது வரி கேட்காது, கம்பெனி சான் ஹோசேயில் இருந்தாலும் சரி. வருடத்தில் பாதி மட்டும் அங்கே குடியிருந்தவர்கள் தாக்கல் செய்யும் 540என்ஆர் வரிப் படிவத்தில் இரண்டு காலத்தையும் பிரித்துக் காட்டினால் போதும். வரி விகிதத்தை மட்டும் முழு வருட வருமானத்தை வைத்துப் பார்ப்பார்கள். நியூயார்க் இந்த விஷயத்தில் கறார். வேலை மன்ஹாட்டன் அலுவலகத்தைச் சேர்ந்தது, நீங்கள் உங்கள் வசதிக்காக டல்லாஸ் வீட்டிலிருந்து செய்கிறீர்கள் என்றால், அந்த நாட்களையும் நியூயார்க்கில் வேலை பார்த்த நாட்களாகவே எடுத்துக்கொள்ளும். நியூயார்க் நகரம் தனியாக வாங்கும் வரி நின்றுவிடும், மாநில வரி தொடரும். ஆகவே கம்பெனியின் டெக்சாஸ் அலுவலகத்துக்கு முறைப்படி மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அங்கே அலுவலகமே இல்லையென்றால், வரி மிச்சத்தை நம்பி வீடு மாற வேண்டாம்.

குடும்பம் பின்னால் வருகிறது என்றால் கதை தலைகீழ். கணவர் ஜனவரியில் ஆஸ்டின் போகிறார், பிள்ளைகளின் பள்ளி முடியும்வரை மனைவி கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் இருக்கிறார் என்று வையுங்கள். நம்மவர்களிடையே சகஜமான ஏற்பாடுதான். கலிபோர்னியா வரித்துறை வீடு, மனைவி, பிள்ளைகள், லைசென்ஸ், டாக்டர் என்று எல்லாவற்றையும் பார்த்து, ஜூன் வரை இவரும் இங்கேதான் குடியிருந்தார் என்று சொல்ல இடமிருக்கிறது. அப்படிச் சொல்லாவிட்டாலும் சிக்கல் தீராது. தம்பதியில் ஒருவர் சம்பாதிப்பதில் பாதி மற்றவருக்குச் சொந்தம் என்பது டெக்சாஸ் சட்டம். மனைவி கலிபோர்னியாவாசி என்பதால் அந்தப் பாதிக்கு அங்கே வரி உண்டு. கணவர் டெக்சாஸுக்குப் பதில் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை, அங்கே அந்தச் சட்டம் கிடையாது. பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். முடிந்தால் எல்லோரும் ஒரே தேதியில் மாறுங்கள்.

நியூயார்க் குடும்பத்தையும் பார்க்கும், நாட்களையும் எண்ணும். பழைய அபார்ட்மென்டைக் கைவிடாமல் பத்து மாதத்துக்கு மேல் வைத்திருந்து, ஒரு வருடத்தில் 184 நாள் அங்கே இருந்தால், டெக்சாஸில் வீடு இருந்தாலும் அந்த வருடம் முழுக்க நியூயார்க்வாசிதான். காலையில் போய் மாலையில் திரும்பினாலும் ஒரு நாள். கலிபோர்னியாவில் ஒன்பது மாதத்தைத் தாண்டினால் குடியிருப்பாளர் என்ற அனுமானம் வரும். அதை மறுத்து நிரூபிக்கலாம்.

ஆர்எஸ்யூவில், அதாவது கம்பெனி பின்னால் தருவதாகச் சொல்லும் பங்குகளில், இரண்டு மாநிலமும் ஒன்றுதான். பங்கு தருவதாகச் சொன்ன நாளிலிருந்து அது கைக்கு வரும் நாள்வரை, எத்தனை வேலைநாள் அந்த மாநிலத்தில் என்ற விகிதப்படி வரி. 24 மாதத்தில் 18 மாதம் அங்கே வேலை பார்த்திருந்தால், டெக்சாஸ் வந்தபிறகு கைக்கு வந்த பங்கிலும் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு வரி உண்டு.

மாறிய தேதிக்குச் சான்று சேர்த்து வையுங்கள்: பழைய வாடகை ஒப்பந்தம் முடிந்த கடிதம், டெக்சாஸ் லைசென்ஸ். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் முகவரி மாற்றத்தை எப்படியும் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் ரசீதையும் இவற்றோடு வையுங்கள்.